அப்பா திருத்திய இட்லிக் கணக்கு

ரயில்வே குவார்ட்டர்ஸ்,
தாம்பரம்.
12.6.1994, ஞாயிறு

அன்புள்ள பியூலா அக்காவுக்கு,

உன் தங்கை ஜெயசீலி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நீ கேட்டபடி இன்றுமுதல் நம் வீட்டிலும், ரயில்வே யார்டில் அப்பாவோடு வேலை பார்க்கும் ஜெயவேலு அண்ணன் வீட்டிலும் என்னென்ன சாப்பிடுகிறார்கள் என்று தனி நோட்டில் எழுதுகிறேன். பார்த்ததைப் பார்த்தபடி, கூட்டாமல் குறைக்காமல் எழுதுவேன் என்று இதன் மூலம் உறுதி கூறுகிறேன். யாருக்கும் பயந்து எதையும் மாற்ற மாட்டேன். விஞ்ஞானத்துக்கு அதுதான் முக்கியம் என்று எங்கள் பயாலஜி டீச்சரும் சொன்னார்.

உன் கடிதத்தை அப்பா வழக்கம்போல் சர்ச்சில் வேதபாடம் வாசிக்கிற குரலில் வாசித்தார். ஜப்பானில் வயிற்றுப் புற்றுநோய் அதிகம், உப்புப் போட்ட மீனும் ஊறுகாயும் ஒரு காரணமாக இருக்கலாம், அதனால் உங்கள் புரொபசர் நம் ஊர்ச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறார் என்ற இடம் வந்ததும், அம்மா கருவாட்டுச் சட்டியைப் பார்த்தாள். அப்பாவும் பார்த்தார். பிறகு இரண்டாம் முறை குழம்பு ஊற்றிக்கொண்டார்.

ஜெயவேலு அண்ணன் வீட்டுக்கு நோட்டோடு போனேன். "இன்னா பாப்பா, எங்க வூட்டுக் கொழம்பு ஜப்பான் வரைக்கும் போவுதா? நல்லா எழுதிக்கோ. வாரத்துல நாலு நாள் கருவாடு. மீதி மூணு நாள் எங்க வூட்டுக்காரி கோவிச்சுகினு ரசம் வெப்பா" என்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து, "ரசம் மூணு நாள் இல்ல, ரெண்டு நாள்!" என்று கத்தினார். இரண்டு என்றே எழுதியிருக்கிறேன்.

மாதிரிக்கு இன்றைய பக்கம்:

அப்பா. காலை: இட்லி 5, காரச் சட்னி. பகல்: சோறு, மீன் குழம்பு, மறுபடி சோறு. இரவு: தோசை 4, மீந்த மீன் குழம்பு.

ஒரு சின்னக் குறை. நான் எழுதும் கடிதங்களையும் அப்பா வாசித்துவிட்டுத்தான் விலாசம் எழுதுகிறார். வாசித்ததற்கு அடையாளமாகக் கீழ் ஓரத்தில் 'ஏ.பா.' என்று கையெழுத்தும் போடுகிறார். இது என்ன ரயில்வே தாளா என்று கேட்டேன். ஏசுபாதம் பார்க்காமல் எதுவும் தாம்பரத்தைத் தாண்டாது என்கிறார்.

அப்பா கேட்கச் சொன்ன கேள்வி: "புற்றுநோய் எப்படி வருதுன்னு பார்க்கிறே, சரி. அதுல உன் வேலை என்னன்னு எனக்குப் புரியற மாதிரி எழுதச் சொல்லு. யார்டுல கேக்கறாங்க."

உன் அன்புத் தங்கை,
ஜெயசீலி

---

கனசாவா,
ஜப்பான்.
29.6.1994

என் செல்லச் சீலிக்கு,

உன் உறுதிமொழியைப் படித்துச் சிரித்தேன், பிறகு அதை வெட்டி என் மேசையில் ஒட்டினேன். இங்கே மழை. அரிசி நன்றாக இருக்கிறது. மிளகாய் மட்டும்தான் இல்லை. அம்மா அனுப்பிய பொடி தீர்ந்துவிட்டது என்று சொல்லாதே, சொன்னால் இன்றைக்கே இடிக்க உட்கார்ந்துவிடுவாள்.

இனி அப்பாவுக்கு.

அப்பா, நம் உடம்பில் கண்ணில் இருக்கிற செல்லுக்கும் வயிற்றில் இருக்கிற செல்லுக்கும் உள்ளே இருப்பது ஒரே ஜீன் புத்தகம்தான். வயிறு அமிலம் சுரக்கிற பக்கத்தைப் படிக்கிறது. கண் அந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை. எந்தப் பக்கம் திறக்க வேண்டும், எது மூடியிருக்க வேண்டும் என்று கட்டுப்படுத்துபவை சில புரதங்கள். அவை நேரே ஜீன் மேலேயே போய் உட்கார்ந்து உத்தரவு போடுகின்றன. அப்படிப்பட்ட ஒரு புரதம்தான் நான் மூன்று வருடமாகப் பின்னால் அலைகிற ஆள். பெயர் பி-53.

அது என்ன செய்கிறது? நீங்கள் என்ன செய்கிறீர்கள்? வண்டி வந்து நின்றதும் ஒவ்வொரு பெட்டியாகச் சக்கரத்தையும் ஸ்பிரிங்கையும் பார்க்கிறீர்கள். பழுது இருந்தால் நோயாளி என்று 'சிக்' லேபிள் ஒட்டுகிறீர்கள். ஒட்டிய பெட்டியை ஸ்டேஷன் மாஸ்டர் கெஞ்சினாலும் நகர்த்தக் கூடாது. சரிசெய்த பிறகு எக்ஸாமினர் பார்த்து 'ஃபிட்' எழுதினால்தான் ஓடும். சரிசெய்யவே முடியாவிட்டால் உடைக்க அனுப்புவீர்கள். பி-53 செல்லுக்குள் இதையேதான் செய்கிறது. ஜீன் புத்தகத்தில் பழுது வந்துவிட்டால், செல் இரண்டாகப் பிரிவதை நிறுத்து, முதலில் சரிசெய், முடியாவிட்டால் செத்துப்போ என்று உத்தரவிடும் ஜீன்களைத் திறந்துவிடுகிறது.

உப்போ ஒரு கிருமியோ வயிற்றின் உள்தோலைத் திரும்பத் திரும்பப் புண்ணாக்கினால், ஆறுவதற்காகச் செல்கள் திரும்பத் திரும்பப் பிரிகின்றன. பிரியும்போதெல்லாம் பிழை வரலாம். ஒருநாள் பிழை இந்த எக்ஸாமினர் மேலேயே வந்துவிடுகிறது. உருவம் கோணிப்போய் அவரால் ஜீன் மேல் உட்கார முடிவதில்லை. வேலை செய்யாமல் செல்லுக்குள்ளேயே கும்பலாகத் தேங்கி நிற்கிறார். நாங்கள் சாயம் போட்டால் பழுப்பாகத் தெரிவார். அதற்குள் பழுதான பெட்டிகள் லேபிள் இல்லாமல் ஓட ஆரம்பித்துவிடுகின்றன. வயிற்றுப் புற்றுநோயில் பல சமயம் நடப்பது இது. அந்தப் பழுப்பை எண்ணுவது என் வேலை.

சீலி, நோட்டை விடாமல் எழுது. யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்ற எண்ணிக்கையும் வேண்டும்.

அன்பு முத்தங்களோடு,
பியூலா

---

தாம்பரம்,
17.7.1994

அன்பு அக்காவுக்கு,

நீ செய்தது சரியா என்று தெரியவில்லை. அப்பாவை இப்போது பிடிக்க முடியவில்லை. உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு யார்டு முழுக்க வாசித்துக் காட்டினாராம். "இருபத்திரண்டு வருஷமா நான் செய்யற வேலைய உடம்புக்குள்ள ஒருத்தன் செய்யறான்யா. அவனைப் பத்திப் படிக்கத்தான் என் பொண்ணு ஜப்பான் போயிருக்கா." ஜெயவேலு அண்ணன் உடனே, "அப்போ ஒவ்வொரு ஆளு வயித்துலயும் ஒரு ஏசுபாதம் சார் குந்திகினு கீறாரா? அதான் சாப்ட்டதும் கடமுடாங்குது" என்றாராம். இப்போது யார்டில் அப்பாவின் பெயர் பி-53. கண்டக்டர் ஒருவர்கூட அப்படிக் கூப்பிட்டாராம். அப்பா கோபப்பட்டதுபோல் நடித்தார், நன்றாக வரவில்லை.

இந்த மாதப் பக்கங்கள் இத்துடன் இருக்கின்றன. ஜெயவேலு அண்ணன் வீட்டில் படப்பை சந்தையில் வாங்கிய ஒரு மூட்டைக் கருவாடு வந்திருப்பதால் அவர்கள் பக்கம் ஒரே மாதிரி இருக்கும்.

ஒரு விஷயத்தைப் பற்றி எழுத மாட்டேன் என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால் எழுதவில்லை. ஆனால் எல்லாவற்றையும் உண்மையாக எழுதுவேன் என்று உனக்கும் வாக்குக் கொடுத்திருப்பதால், எழுதாத விஷயம் ஒன்று இருக்கிறது என்பதை எழுதுகிறேன். அப்பா இந்த வரியை மூன்று முறை வாசித்தார். "சரி, இதுல தப்பு ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

அம்மா மிளகாய்ப் பொடி இடித்துவிட்டாள். நான் சொல்லவில்லை. அவளாகவே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிட்டாள்.

அன்புடன்,
சீலி

---

தாம்பரம்,
28.8.1994

அன்பு அக்காவுக்கு,

காலாண்டுப் பரீட்சை நெருங்குகிறது. கணக்கில் நூறு வாங்கினால் வாட்ச் என்று அப்பா சொல்லியிருக்கிறார். தெற்கே போகும் மீட்டர்கேஜ் வண்டிகளைப் பெரிய பாதைக்கு மாற்றப் போகிறார்களாம், அதனால் யார்டில் எல்லாரும் எப்போது எங்கே தூக்கிப் போடுவார்கள் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஜெயவேலு அண்ணன் மனைவி கருவாட்டை நிறுத்திவிட்டார். புற்றுநோய்க்குப் பயந்து அல்ல. மூட்டை தீர்ந்துவிட்டது.

அப்பாவின் பக்கத்திலிருந்து சில நாட்கள்:

ஆகஸ்ட் 3. காலை: இட்லி 3. பகல்: டிபன் கேரியரில் பாதிச் சோறு திரும்பி வந்தது. இரவு: தோசை 2.
ஆகஸ்ட் 11. காலை: இட்லி 2. பகல்: மோர்ச் சோறு. இரவு: கஞ்சி, சோடா ஒரு பாட்டில்.
ஆகஸ்ட் 19. காலை: இட்லி 2, சட்னி இல்லாமல், சர்க்கரையோடு. பகல்: கேரியர் திறக்கப்படவில்லை. இரவு: கஞ்சி அரை டம்ளர்.
ஆகஸ்ட் 26. காலை: இட்லி 4. பகல்: மோர். இரவு: பால், ரஸ்க் 2.

ஆகஸ்ட் 26-இல் '4' என்று இருப்பது அப்பாவின் பேனா. நான் எழுதியிருந்தது 2. "தட்டுல நாலு வெச்சா நாலுதான்" என்று திருத்தினார். தட்டில் நான்கு இருந்தது உண்மை. இரண்டைக் காக்கைக்கு வைத்ததும் உண்மை. அவர் திருத்தியதை நான் அடிக்கவில்லை, அது அவருடைய கையெழுத்தில் இருக்கிறது, நீயே பார்த்துக்கொள்.

மற்றபடி விசேஷம் இல்லை. அம்மா அப்பாவின் காக்கி பேன்ட்டை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தாள்.

அன்புடன்,
சீலி

---

கனசாவா,
8.9.1994

சீலி,

உன் கடிதம் நேற்று வந்தது. இதை போனில் சொன்னால் எஸ்.டி.டி. பூத்தில் அப்பா "எல்லாம் சவுக்கியம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். அதனால் எழுதுகிறேன்.

அப்பா, இதை இப்போது நீங்கள்தான் சத்தமாக வாசித்துக்கொண்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நிறுத்தாமல் வாசியுங்கள். சீலி உங்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டாள். உங்கள் வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. ஜூனில் ஐந்து இட்லி. ஆகஸ்டில் இரண்டு. பேன்ட்டைத் தைக்கும் அளவுக்கு இளைத்திருக்கிறீர்கள். அதன் கீழே 'ஏ.பா.' என்று கையெழுத்தும் இருக்கிறது. இவ்வளவு பழுதையும் சோதித்து, பார்த்தேன் என்று எழுதி, நீங்களேதான் அனுப்பியிருக்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை. இது வெறும் புண்ணாகவே இருக்கலாம், நிறையப் பேருக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் இங்கே என் மேசைக்கு வருகிற வயிறுகளில் பாதி, சோடா குடித்துக் காலம் தள்ளியவர்களுடையவை. சீக்கிரம் வந்தவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இதுதான் நான் இங்கே படித்ததில் உங்களுக்குச் சொல்லக்கூடியது.

வாய் வழியாகக் குழாய் விட்டு உள்ளே பார்க்க வேண்டும். பத்து நிமிடம். ரயில்வே ஆஸ்பத்திரியிலேயே செய்வார்கள். மலம் கறுப்பாகப் போகிறதா என்று அம்மாவிடம் மட்டும் சொல்லுங்கள். உள்ளே ரத்தம் கசிந்தால் அப்படிப் போகும், பதில் ஆம் என்றால் நாளைக்கே போங்கள்.

உங்கள் மகள்,
பியூலா

---

தாம்பரம்,
25.9.1994

அக்கா,

என்ன நடந்தது என்று வரிசையாக எழுதுகிறேன்.

'இப்போது நீங்கள்தான் சத்தமாக வாசித்துக்கொண்டிருப்பீர்கள்' என்ற வரியில் அப்பாவே சிரித்தார். "பாரு கழுதைய, அங்கேயிருந்து பார்த்துக்கிட்டே இருக்கா" என்றார். அடுத்த வரியிலேயே குரல் இறங்கியது. 'ஏ.பா.' என்ற இடத்தில் நின்றுவிட்டது. அம்மா, "முழுசாப் படிங்க. இல்லேன்னா குடுங்க, நான் படிக்கிறேன்" என்று கடிதத்தை வாங்கிக்கொண்டாள். அம்மா எழுத்துக்கூட்டி வாசிப்பதால் மிகவும் நேரமானது. அது அப்பாவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.

முடிந்ததும் என்னைப் பார்த்தார். "நான் உங்கிட்ட என்ன சொன்னேன்?"

"வயித்து வலியப் பத்தி எழுதாதேன்னு சொன்னீங்க. எழுதலை."

"அப்போ இது என்ன?"

"இது இட்லியப் பத்திப்பா."

அம்மா அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை. நான்கு நாட்கள் என்னோடு பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூட அம்மாவிடம்தான் கேட்டார்.

அவர் பயப்படுவது நோய்க்கு இல்லை அக்கா. நீயும் தெரிந்துகொள்ள வேண்டும். அவரோடு எக்ஸாமினராக இருந்த சம்பத் சார், போன வருடம் கண் வலிக்கிறது என்று ரயில்வே டாக்டரிடம் போனார். 'அன்ஃபிட்' என்று எழுதிவிட்டார்கள். இப்போது ஆபீசில் உட்கார்ந்து தபால்களுக்கு முத்திரை குத்துகிறார். அப்பா அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "என்னையும் அப்படி எழுதிட்டா? வண்டிய ஜன்னல் வழியாப் பார்த்துக்கிட்டு உட்காரணுமா? வலிச்சாலும் பரவாயில்ல ஞானம்." கறுப்பாகப் போகிறதா என்ற கேள்விக்குப் பதில் ஆம். இரண்டு வாரமாக.

நான் ஜெயவேலு அண்ணனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "நீ வூட்டுக்குப் போ பாப்பா, நான் பாத்துக்கறேன்" என்றார்.

புதன்கிழமை டூட்டி முடிந்து அப்பா சைக்கிளை எடுக்கப் போனால், ஹேண்டில்பாரில் 'சிக்' லேபிள். பசை போட்டு ஒட்டியிருக்கிறது. பழுது என்ன என்ற இடத்தில் 'வயிறு'. வண்டி எண் என்ற இடத்தில் 'பி-53'. சுற்றிப் பத்துப் பேர்.

"யார்ரா ஒட்டினது?"

"நான்தான் சார்," என்றார் ஜெயவேலு அண்ணன். "புடிக்கலேன்னா கீச்சுப் போட்டுட்டு ஏறிப் போ சார். ஆனா ஒண்ணு. சிக் ஒட்டின வண்டிய எவனும் நவுத்தக் கூடாது, ஓனரே எக்ஸாமினரா இருந்தாலும் தன் வண்டிக்குத் தானே ஃபிட் எழுதக் கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது யாரு? பொட்டிக்கு ஒரு சட்டம், ஒனக்கு ஒரு சட்டமா?"

அப்பா லேபிள் ஓரத்தில் நகத்தை வைத்தாராம். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு லேபிளைக்கூட முறை தவறிக் கிழிக்காத கை. கையை எடுத்துவிட்டார். சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு வீடுவரை நடந்து வந்தார்.

வந்து, நான்கு நாட்களுக்குப் பிறகு என்னிடம் சொன்ன முதல் வார்த்தை: "நாளைக்கு உங்க அம்மாவும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போறோம். சைக்கிள் யார்டுல மழையில நிக்குது. அந்தத் தடியன்கிட்டச் சொல்லி ஒரு தார்ப்பாய் போடச் சொல்லு."

வியாழக்கிழமை போனார்கள், குழாய் விட்டுப் பார்க்க அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

கீழே கையெழுத்து இல்லாததைக் கவனித்திருப்பாய். இந்தக் கடிதத்தை அவர் பார்க்கவில்லை. விலாசம் நானே எழுதுகிறேன். தப்பு இருந்தால் தபால்காரர்கள் மன்னிக்கட்டும்.

சீலி

---

தாம்பரம்,
16.10.1994

அன்பு அக்காவுக்கு,

போனில் அம்மா பாதியும் பூத்காரர் மீதியும் பேசியதால் உனக்கு என்ன புரிந்தது என்று தெரியவில்லை. முழுவதும் எழுதுகிறேன்.

குழாய் விட்டுப் பார்த்தார்கள். வயிற்றின் கீழ்ப்பாகத்தில் ஒரு புண். துணுக்கு எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய்தான். ஆனால் உள்தோலோடு நிற்கிறது, கீழே இறங்கவில்லை போலத் தெரிகிறது என்று டாக்டர் பக்தவச்சலம் சொன்னார். வயிற்றில் பாதிக்கு மேல் எடுத்துவிட வேண்டும். நவம்பர் ஏழாம் தேதி ஆபரேஷன். அவர் கொஞ்சம் வயதானவர், மெதுவாகப் பேசுகிறார், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறார். நான் பதினான்கு கேள்வி கேட்டேன்.

அவர் அப்பாவிடம் ஒன்று கேட்டார். "இந்தக் கட்டத்துல இங்கே யாரும் வர்றதில்ல. ரத்த வாந்தி எடுத்த பிறகுதான் வருவாங்க. நீங்க எப்படி இவ்வளவு சீக்கிரம் வந்தீங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு, "எம் பொண்ணு இட்லி எண்ணினா சார்" என்றார். சொல்லும்போது என் தலையில் கை வைத்திருந்தார்.

டாக்டர் நோட்டைப் பார்க்க வேண்டும் என்றார். எல்லாப் பக்கத்தையும் பார்த்தார். "ஜெயவேலுங்கறது யாரு? அவரையும் ஒரு தடவை கூட்டிட்டு வாங்க" என்றார். ஜெயவேலு அண்ணன் இப்போது எங்களைக் கண்டால் வேறு பக்கம் போகிறார்.

வேலையைப் பற்றி அப்பா கேட்டார். ஆறு மாதம் ஆபீஸ் வேலைதான், அதற்குப் பிறகு மெடிக்கல் போர்டு முடிவு செய்யும், இப்போது எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். திரும்பி வரும்போது ரயிலில் அப்பா பல்லாவரம் தாண்டியதும், "முதல்ல உயிரோட இருப்போம்" என்றார். அம்மா, "அதைத்தானே ரெண்டு மாசமாச் சொல்றேன்" என்றாள்.

நீ எப்போது வருவாய்?

அன்புடன்,
சீலி

---

கனசாவா,
22.1.1995

என் சீலிக்கு,

அப்பா கஞ்சியிலிருந்து குழைந்த சோற்றுக்கு வந்துவிட்டார் என்று படித்து இங்கே தனியாகக் கை தட்டினேன். பனி ஜன்னல் பாதிவரை நிற்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். டாக்டர் பக்தவச்சலம் என் புரொபசருக்கு எழுதி, அப்பா சம்மதித்து, எடுத்த வயிற்றிலிருந்து ஒரு துண்டை மெழுகில் பதித்து இங்கே அனுப்பினார். முதலில் வேறொருவர் பார்க்கட்டும் என்று புரொபசர் சொன்னார். சரியென்றேன். அவர் பார்த்து முடித்த பிறகு, நேற்று நான் உட்கார்ந்தேன்.

எங்கள் கண்ணாடித் துண்டுகளில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். மூன்று வருடத்தில் ஆயிரம் பார்த்திருப்பேன். ஒருவரையும் எனக்குத் தெரியாது. நேற்று தெரிந்தது. நூறு செல் எண்ணினேன். எழுபத்தொன்றில் பி-53 பழுப்பாகத் தேங்கி நின்றது. எழுபத்தொன்று என்று எழுதும் முன் இன்னொரு முறை எண்ணினேன். பிறகு வெட்டிய ஓரத்துக்கு நகர்த்தினேன். ஓரம் முழுக்க நல்ல செல்லின் நீலம், சீலி. ஒரு பழுப்புகூட இல்லை. சுற்றியிருந்த நிணநீர் முடிச்சுகளும் சுத்தம் என்று டாக்டரின் ரிப்போர்ட் ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள் என்று என் கண்ணாலேயே பார்த்தேன். இருந்தாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். அதில் பேரம் கிடையாது என்று அப்பாவிடம் சொல்.

ஆபரேஷனுக்கு ஏன் வரவில்லை என்று நீ கேட்கவில்லை. இரண்டு கடிதமாகக் கேட்காமல் இருக்கிறாய். போனால் மறுபடி வர விடுவார்களோ, ஸ்காலர்ஷிப் போய்விடுமோ என்று பயந்தேன். அம்மாவும் வராதே என்றாள். அதைப் பிடித்துக்கொண்டேன். உண்மை இதுதான்.

பியூலா

---

தாம்பரம்,
23.4.1995, ஞாயிறு

அன்பு அக்காவுக்கு,

மூன்று மாதம் நான் எழுதவில்லை. அம்மா எழுதியதில் 'சீலிக்குப் பரீட்சை' என்று இருந்திருக்கும். பரீட்சை இருந்தது உண்மை. எழுத முடியாத அளவுக்கு இல்லை.

எனக்குக் கோபம். நீ அப்பாவின் செல்லைப் பார்த்தாய், அப்பாவைப் பார்க்கவில்லை. ஆபரேஷன் அன்று நானும் அம்மாவும் பெஞ்சில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஜெயவேலு அண்ணன் டீ வாங்கி வந்துகொண்டே இருந்தார். யாரும் குடிக்காததால் அவரே குடித்தார். உன் இடத்தில் நீ இல்லை. இதை எழுதிவிட்டால் கோபம் போய்விடும் என்று நினைத்தேன், பாதி போய்விட்டது. மீதியை மே மாதம் நீ வரும்போது நேரில் போக்கிக்கொள்வேன். டிக்கெட் வாங்கிவிட்டதாக அம்மாவுக்கு எழுதியிருக்கிறாயாமே. அம்மா அரிசி ஊறவைக்கவே ஆரம்பித்துவிடுவாள் போலிருக்கிறது. இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது என்று நான்தான் நிறுத்திவைத்திருக்கிறேன்.

இனி அப்பா. ஒரு நாளுக்கு ஆறு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு வேளைக்கு ஓர் இட்லி. "எங்க அப்பா ஒரு தடவையில சாப்பிட்டதை நான் நாள் பூரா சாப்பிடறேன்" என்கிறார். நாற்பத்தாறு கிலோவிலிருந்து ஐம்பத்து மூன்றுக்கு வந்துவிட்டார். நான்கு மாதமாக ஆபீசில் சம்பத் சாருக்கு எதிர் மேசை. முதல் மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் மாதம் சம்பத் சார் முத்திரையைக் கோணலாகக் குத்துகிறார் என்று வீட்டில் வந்து குறை சொன்னார். மூன்றாம் மாதம் இரண்டு பேரும் சேர்ந்து, யார்டில் புதிதாக வந்திருக்கும் எக்ஸாமினர் எதையும் சரியாகப் பார்ப்பதில்லை என்று குறை சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை மெடிக்கல் போர்டு. மூன்று டாக்டர்கள். குனியச் சொன்னார்கள், படியேறச் சொன்னார்கள், ஒரு மூட்டையைத் தூக்கச் சொன்னார்கள். அப்பா வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அம்மா, "என்னங்க?" என்றாள். அப்பா காகிதத்தை நீட்டினார். இங்கிலீஷ் என்பதால் நான் வாசித்தேன். பழைய வேலைக்குத் தகுதி. மூட்டை தூக்குவது மட்டும் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை.

"மூட்டை யாரு தூக்குனா எக்ஸாமினர் வேலையில?" என்றார் அப்பா. அப்புறம் ஆஸ்பத்திரி வாசலிலேயே கர்ச்சீப்பை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு நின்றார். அம்மா அவரை அழவிட்டாள். நானும்.

நேற்று முழுவதும் வீட்டில் ஒரே அமர்க்களம். பிடித்துத் தைத்த பேன்ட்டை மறுபடி பிரித்தோம். சுத்தியலுக்குப் பிடி போட்டார். டார்ச்சுக்கு பேட்டரி வாங்கி வந்தார். ஜெயவேலு அண்ணன் வந்து, "சார், நாளான்னிக்கு மதுரை வண்டி எப்டியும் லேட்டு. நீ மெதுவா வா" என்றார். "வண்டி லேட்டா வரலாம்டா, நான் வரக் கூடாது" என்றார் அப்பா.

நாளைக் காலை ஐந்து மணிக்கு யார்டில் இருக்க வேண்டும். இப்போது மணி எட்டுகூட ஆகவில்லை, தெருவில் பையன்கள் இன்னும் பந்தடிக்கிறார்கள். அதற்குள் பாய் விரித்து, அலாரத்தை இரண்டு முறை திருகி வைத்து, "எல்லாரும் படுங்க, எனக்கு டூட்டி இருக்கு" என்கிறார். டூட்டி என்று சொல்வதற்காகவே மூன்று முறை சொல்லிவிட்டார். அம்மா, "எட்டு மணிக்கு எப்படிங்க தூக்கம் வரும்?" என்று சிரிக்கிறாள். இன்னும் நான்கு வரி இருக்கிறதுப்பா என்றேன். இரண்டு வரி தருகிறேன் என்றார்.

வரும்போது எனக்கு எதுவும் வாங்கி வராதே. நீ வந்தால் போதும்.

உன் அன்புத் தங்கை,
ஜெயசீலி

கையெழுத்து வரிசை தவறிப் போயிருந்தால் அதற்குக் காரணம் நான் இல்லை. அப்பா விளக்கை அணைத்துவிட்டார்.